சீனாய் நில அளவையும் இடப்பெயரும்

ஒரு நிலப்பகுதியின் படம் இருவகைச் செய்திகளால் ஆகியது. மலையின் உயரம், பள்ளத்தாக்கின் போக்கு, ஊற்று அமைந்த இடம் முதலியன ஒரு வகை. அவற்றிற்கு அந்நிலத்து மக்கள் வழங்கும் பெயர்கள் மற்றொரு வகை. முன்னையவற்றைக் கருவி கொண்டு அளந்தறியலாம். பின்னையவற்றைக் கேட்டே அறிதல் வேண்டும். நில அளவையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அளவையே விரித்துரைத்துப் பெயரை ஓரிரு வரிகளில் கூறிச் செல்வர். பெயர் தானே வந்து படத்தில் அமர்ந்துகொள்வது போன்ற ஒரு மயக்கம் இதனால் உண்டாகிறது.

இம்மயக்கத்தை நீக்குதற்கு ஏற்ற சான்றாக விளங்குவது, 1868-69 ஆம் ஆண்டுகளில் சீனாய்த் தீவக்குறையின் தென்பகுதியில் நிகழ்ந்த பிரித்தானிய நில அளவை ஆகும். பாலையும் மலையும் கலந்த அந்நிலத்திற்குச் சென்ற அளவைக் குழு, பெயர்களைத் திரட்டுவதற்கென்றே மொழியறிஞர் ஒருவரைத் தன்னுடன் அழைத்துச் சென்றது. அவ்வளவை எக்கேள்விக்கு விடை காண எழுந்தது, எம்முறையில் நடந்தது, அதன் பயன்களுள் எவை நிலைத்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இடப்பெயர் ஆய்வு தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. 1946 இல் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்ற நூலை வெளியிட்ட காலந்தொட்டு நம்மிடையே வேரூன்றிய துறை அது. ஆயினும் பெயர் என்பது நிலப்படத்துள் எவ்வாறு நுழைகிறது என்பதைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒருசேரக் காணும் வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. சீனாய் அவ்வாய்ப்பை நல்குகிறது.

நிலத்தின் இயல்பு

சூயஸ் வளைகுடாவிற்கும் அகாபா வளைகுடாவிற்கும் இடையே முக்கோண வடிவில் தெற்கு நோக்கி இறங்கும் நிலமே சீனாய்த் தீவக்குறை. அதன் நடுப்பகுதி சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம், தீஹ் எனப்படுவது. தென்பகுதியோ கருங்கல்லும் பிற பழம்பாறைகளும் செறிந்த மலைத்தொகுதி. எகிப்து நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஜெபல் கத்தரீனா ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரமுடையது. அதன் அருகே ஜெபல் மூசா 2,285 மீட்டர் அளவிற்கு உயர்ந்து நிற்கிறது. மேற்கே, பீரான் பள்ளத்தாக்கின் தென்புறத்தில், பல கூர்முடிகளையுடைய ஜெபல் செர்பால் ஏறத்தாழ 2,070 மீட்டர் உயரத்தது. ஜெபல் என்பது அரபு மொழியில் மலையைக் குறிக்கும் சொல்.

பாலைவனம் என்றவுடன் மணல் மேடுகளை எண்ணிக் கொள்ளுதல் ஈண்டுப் பொருந்தாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து தோன்றுவதென நம் முன்னோர் வகுத்த பாலையும் இதுவன்று. மரஞ்செடிகள் அருகிய, நிறம் நிறமான பாறை நிலம் இது. வாதி எனப்படும் வறண்ட பள்ளத்தாக்குகளே இந்நிலத்தின் வழிகள். மழை மிக அரிது. பெய்யுமாயின் பாறைச் சரிவுகளில் நீர் நில்லாது. அந்நீர் முழுவதும் வாதிகளில் திரண்டு பெருவெள்ளமாய்ப் பாயும். 1867 ஆம் ஆண்டு பீரான் பள்ளத்தாக்கில் அத்தகைய வெள்ளம் ஒரு குடியிருப்பையே வாரிக்கொண்டு சென்றது. அதனை நேரிற் கண்ட ஹாலந்து என்னும் பாதிரியார், அடுத்த ஆண்டு அளவைக் குழுவிலும் இடம்பெற்றார். அவர் அதற்கு முன்னரே பலமுறை அத்தீவக்குறையில் நடந்தே சுற்றியவர்.

இந்நிலத்தில் வாழும் அரபு நாடோடி மக்கள் பெதுவினர் எனப்படுவர். தென்சீனாய்ப் பெதுவினர்க்குத் தவாரா என்பது பொதுப்பெயர். அவர்களுள் ஜெபலியா என்னும் குலத்தார், ஜெபல் மூசாவின் அடியில் உள்ள புனித கத்தரீனா மடத்தோடு நெடுங்காலத் தொடர்புடையவர். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் எழுப்பிய மடம் அது. அதனைக் காக்க அவன் அனுப்பியோரின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது அக்குலத்தாரின் மரபுரை.

அளவையைத் தூண்டிய வினா

யாத்திராகமம் என்னும் விவிலிய நூல், இசரவேலர் எகிப்தினின்று வெளியேறிப் பாலை வழியே சென்றதையும், மோசே சீனாய் மலையில் கட்டளைகளைப் பெற்றதையும் கூறுகிறது. அம்மலை எது என்பதே வினா. கிறித்தவத் துறவியரின் மரபு ஜெபல் மூசாவைச் சுட்டியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சென்ற எகேரியா என்னும் பெண்மணியின் பயணக் குறிப்பே அம்மரபின் பழமைக்குச் சான்று. எனினும் மரபு பழமையானது என்பதனாலேயே அது உண்மையாகிவிடாது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் உணர்ந்திருந்தனர்.

1762 இல் நீபூர் என்பார் அவ்வழிச் சென்றார். 1816 இல் புர்க்கார்ட்டு செர்பால் மலைமீது ஏறினார். 1838 இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு ராபின்சன், அரபு மொழி வல்ல எலி ஸ்மித்துடன் சென்று, ஜெபல் மூசாத் தொகுதியின் வடமுனையாகிய ராஸ் சஃப்சாஃபாவே அம்மலை எனக் கருதினார். 1845 இல் எகிப்தியல் அறிஞர் லெப்சியஸ், செர்பால் மலையே அஃது என வாதிட்டார். பேரீச்சந் தோப்பும் நீரும் உடைய பீரான் பள்ளத்தாக்கின் அருகே உள்ள மலைக்கே அப்பெருமை உரியது. நீரில்லா இடத்தில் மக்கட்கூட்டம் எங்ஙனம் தங்கும் என்பது அவர் கொண்ட காரணம்.

இவ்வாதங்கள் யாவும் பயணியரின் கண்ணளவையே நம்பியிருந்தன. ஒருவர் பரந்த சமவெளி என்று எழுதியதை மற்றொருவர் குறுகிய பள்ளம் என்று எழுதினார். உயரங்கள் முரண்பட்டன, தொலைவுகள் முரண்பட்டன, ஒரே வாதி இரு படங்களில் இரு திசையிற் சென்றது. இந்நிலையில் உண்மையான அளவையன்றி வழக்கு முடியாது என்ற எண்ணம் இங்கிலாந்தில் எழுந்தது. முதன்முதல் முயன்ற பியர்ஸ் பட்லர் என்னும் பாதிரியார், பணி தொடங்குமுன் 1868 இல் இறந்தார். நன்கொடைகள் திரண்டன. பிரித்தானிய நில அளவைத் துறையின் தலைவர் சர் ஹென்றி ஜேம்ஸ் மேற்பார்வையை ஏற்றார். அரசப் பொறியாளர் படையைச் சேர்ந்த காப்டன் சார்லஸ் வில்சன், காப்டன் ஹென்றி ஸ்பென்சர் பாமர் ஆகியோர் தலைமை தாங்கினர். வில்சன், 1864-65 இல் எருசலேம் நகரை அளந்து படமெழுதியவர். ஹாலந்து பாதிரியாரும், இயற்கையியலார் வயட்டு என்பாரும், படைப்பிரிவின் சில கீழ்நிலை அலுவலரும் உடன் சென்றனர். அவ்வலுவலருள் ஒருவராகிய ஜேம்ஸ் மக்டொனால்டு நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களை எடுத்தார். குழுவின் மொழியறிஞர் எட்வர்டு ஹென்றி பாமர். தலைமை தாங்கிய பாமரின் வேறான இவரை இனி அறிஞர் பாமர் எனக் குறிப்போம்.

அளந்த முறை

1868 இன் இறுதியில் தொடங்கிய பணி 1869 இன் இளவேனிலில் நிறைவுற்றது. வேனிலின் வெம்மைக்கு முன்னரே முடித்தாக வேண்டிய பணி அது. உயர்ந்த பகுதிகளில் மாரிக்காலத்தில் உறைபனியும் பனிப்பொழிவும் உண்டு.

முழு நிலத்தையும் ஒரே நுட்பத்தோடு அளத்தல் அச்சிறு குழுவிற்கு இயலாது. ஆதலின் பணி இரண்டாகப் பகுக்கப்பட்டது. வழக்கிற்குரிய இரு மலைகளாகிய ஜெபல் மூசாவும் செர்பாலும், அவற்றின் சுற்றுப்புறமும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில் விரிவாகப் படமெழுதப்பட்டன. அதாவது நிலத்தின் 10,560 பங்கிற்குப் படத்தில் ஒரு பங்கு. இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களுக்கு வரைந்த விரிவான படங்களின் கணக்கும் அதுவே. எஞ்சிய நிலம் அதனினும் மிகச் சிறிய அளவில் வரையப்பட்டது.

விரிவான படத்திற்கு முக்கோண அளவை அடிப்படை. சமநிலத்தில் ஒரு நேர்கோட்டின் நீளத்தை நுட்பமாக அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் எதிரேயுள்ள சிகரத்தை நோக்கித் தியோடலைட்டுக் கருவியால் கோணங்களைக் குறிப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரியும். அம்முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடியாகும். இவ்வாறு அளவு கல்லின்மேற் கல் அடுக்குவது போல் விரிந்து செல்லும். மரமற்ற மலைகளும் தெளிந்த வானும் இம்முறைக்குத் துணை செய்வன. சிகரந்தோறும் கருவியைச் சுமந்து ஏறுதலும், நண்பகலில் பாறை வெப்பத்தால் காற்று நடுங்கிக் குறி கலங்குதலும் இதற்கு இடையூறாவன.

சிறிய அளவுப் படத்திற்கு, வாதிகளின் வழியே நடந்து, திசைகாட்டியால் திசையும் நடையால் தொலைவும் குறித்துச் சென்றனர். இவ்வாறு குறிக்கும்போது நேரும் சிறு பிழைகள் நாள்தோறும் கூடிக்கொண்டே செல்லும். எனவே விண்மீன்களை நோக்கி இடத்தின் அகலாங்கைக் கணித்து வழிக்கோட்டைத் திருத்திக் கொள்ளுதல் வேண்டும். உயரங்களை அறியக் காற்றழுத்தமானி உதவியது.

இதனால் பெற்ற பயன் பெரிது. வாதிகள் ஒன்றோடொன்று கூடும் முறையும், மலைத்தொகுதிகளின் எல்லையும், முதன்முறையாக ஐயத்திற்கு இடமின்றித் தாளில் அமைந்தன. ஆனால் கோணத்தைத் தரும் கருவி பெயரைத் தராது.

பெயர் திரட்டிய முறை

அறிஞர் பாமர் 1840 இல் கேம்பிரிட்சு நகரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஜிப்சியரிடம் பழகி அவர்தம் ரோமானி மொழியைக் கற்றார். இலண்டனில் எழுத்தராக இருந்த காலத்தில் இத்தாலியரோடு உரையாடி இத்தாலிய மொழியைக் கற்றார். கேம்பிரிட்சில் அவரைக் கீழை மொழிகளின்பால் ஈர்த்தவர், அயோத்தி நாட்டினின்று அங்குச் சென்று இந்துஸ்தானி கற்பித்த சையது அப்துல்லா என்பவர். நூலினும் வாய்மொழியே அவர்க்கு முதற்பள்ளியாயிற்று என்பது இவற்றால் விளங்கும். அளவைக் குழுவில் அவருடைய முதற்கடமை, பெதுவினரின் வாய்மொழியிலிருந்து இடங்களின் சரியான பெயர்களைப் பெற்று, தீவக்குறையின் பெயர்வழக்கை நிலைநிறுத்துவதாகும்.

இக்கடமை எளிதன்று. முதலாவது இடர், வினவும் முறையில் உள்ளது. விவிலிய இடமொன்றின் பெயரைத் தானே கூறி, 'இதுதானே அது?' என்று வினவும் பயணி, ஆம் என்ற விடையையே பெறுவான். வழிகாட்டிக்கு விருந்தினனை மறுக்க மனம் வாராது. கூலியும் அவன் மனநிறைவைப் பொறுத்தது. அவ்விடை ஏட்டில் ஏறும். அடுத்த பயணி அதனைப் படித்துவிட்டு வந்து மீண்டும் அவ்வாறே வினவுவான். சில தலைமுறைக்குப்பின் அது பழமையான மரபு என்ற பெயர் பெறும். வினவும் சொல்லில் விடையை வைத்தல் ஆகாது என்பதை 1838 இலேயே ராபின்சனும் ஸ்மித்தும் வற்புறுத்தினர். அந்நெறியின் தேவை, பாதையோரப் பெயர்களினின்று ஒரு நிலத்தின் முழுப் பெயர்வழக்கிற்குச் செல்லும்போது பன்மடங்காகப் பெருகிற்று.

இரண்டாவது இடர், ஒலியில் உள்ளது. அரபு மொழியில் நம் காதிற்கு 'ஹ' என ஒருசேரக் கேட்கும் ஒலிகள் வெவ்வேறு எழுத்துக்களாகும். 'ச' என்பதும் 'த' என்பதும் அவ்வாறே மென்மையும் அழுத்தமுமாகப் பிரிவன. ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கிழக்குச் சீனாயில் ஓர் ஊற்றும் தோப்பும் உண்டு. அதனை விவிலியம் கூறும் ஆசரோத்து என்ற தங்குமிடமாகக் கொள்ளும் கருத்தைப் புர்க்கார்ட்டு முன்வைத்தார். அவ்வூற்றின் பெயரை ஐன் ஹுத்ரா என்று எழுதுவாரும், ஐன் குத்ரா என்று எழுதுவாரும் உளர். முதலெழுத்து தொண்டையிலிருந்து மென்மையாக எழும் ஹகரமாயின் பெயர் ஆசரோத்தை நெருங்குகிறது. அஃது உரசி எழும் ககரமாயின், பசுமை என்னும் பொருளுடைய சொல்லோடு சேர்ந்து, பசிய ஊற்று என்ற இயல்பான பொருளைத் தருகிறது. ஓர் இடத்தைப் பழைய வரலாற்றோடு இணைக்கும் வாதத்தின் வலிமை ஓரெழுத்தில் தங்கியுள்ளது. தமிழ் வரிவடிவில் இவ்வேறுபாட்டை முழுமையாகக் காட்டவியலாது. உரோமன் எழுத்திலும் தனிக் குறிகள் இன்றிக் காட்டவியலாது. ஆதலின் பெயரை முதலில் அரபு எழுத்திலேயே எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாததாகிறது.

மூன்றாவது இடர், பெயரிடும் முறையே வேறுபட்டிருத்தல். நிலப்படம் எழுதுவோன் ஒரு மலைக்கு ஒரு பெயரும், ஒரு பள்ளத்தாக்கிற்கு ஒரு பெயரும் வேண்டுகிறான். மேய்ப்பனுக்கோ நீர் எங்கே, மரம் எங்கே, ஏறும் வழி எங்கே என்பதே வேண்டும். ஆதலின் ஒரே பள்ளத்தாக்கின் பகுதிகள் வெவ்வேறு பெயர் பெறுதலும், வேறுவேறு பள்ளங்கள் ஒரே செடியின் பெயரைப் பெறுதலும் இயல்பு. ராஸ் சஃப்சாஃபா என்ற பெயரை நோக்குக. அறிஞர் பலர் கட்டளை பெற்ற மலையெனக் கருதிய அச்சிகரத்தின் பெயர், 'அலரி மரத்து முனை' என்றே பொருள்படும். ஆற்றங்கரையில் வளரும் அலரியினத்து மரமொன்றின் பெயரே அதற்கு வாய்த்தது. அதன் எதிரேயுள்ள சமவெளியின் பெயர் அர்ராஹா. ராஹா என்னும் சொல் ஓய்வையும் குறிக்கும், உள்ளங்கையையும் குறிக்கும். மலைகளுக்கிடையே விரித்த கைபோற் கிடக்கும் வெளிக்கு இவ்விரு பொருளுமே பொருந்துவன. அச்சமவெளிக்கு ஏறும் கணவாயின் பெயர் நக்பு ஹவா, அதாவது காற்றுக் கணவாய். இப்பெயர்களில் வேத வரலாறு இல்லை. நிழல், சமநிலம், காற்று ஆகியவற்றை நாள்தோறும் நாடி நடந்தவரின் அறிவு உள்ளது.

பாறை எழுத்தும் பழங்கதையும்

பெயர் ஆய்வின் இன்றியமையாமையைக் காட்டும் மற்றொரு பகுதி, வாதி முகத்தப். எழுதப்பட்ட பள்ளத்தாக்கு என்பது இப்பெயரின் பொருள். அதன் பாறைகளில் எண்ணற்ற சிறு கல்வெட்டுக்கள் உள்ளன. பாலையில் அலைந்த இசரவேலரே இவற்றை எழுதினர் என்று சார்லஸ் பாஸ்டர் என்பார் 1851 இல் நூலெழுதி வாதிட்டார். ஆனால் 1840 இலேயே பேயர் என்னும் செருமானிய அறிஞர் அவ்வெழுத்தைப் படித்து, அது நபத்தேய எழுத்து என நாட்டியிருந்தார். கிறித்துவுக்குப் பிற்பட்ட தொடக்க நூற்றாண்டுகளில் அவ்வழிச் சென்றோர் பொறித்தவை அவை. பெரும்பாலானவற்றின் செய்தி மிகச் சுருக்கமானது: இன்னான் மகன் இன்னான் நலம் பெறுக என்பதே. அறிஞர் பாமர் அவற்றுள் பலவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டார். வேத வரலாற்றைத் தேடிச் சென்றோர்க்குப் பாறை தந்தது, வழிப்போக்கரின் பெயர்களையே.

நவாமிஸ் எனப்படும் வட்டவடிவக் கல்லறைகளும் இவ்வகையின. அரபு மொழியில் அச்சொல் கொசுக்களைக் குறிக்கும். இசரவேலர் கொசுத்தொல்லைக்கு அஞ்சி அக்கற்குடில்களைக் கட்டினர் என்பது பெதுவினர் கூறும் கதை. பிற்கால அகழாய்வு, அவை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ஈமக் கட்டடங்கள் எனக் காட்டியுள்ளது. ஒரு பெயரைக் கேட்டவாறு பதிவு செய்தல் வேறு. அப்பெயர்க்குக் கூறப்படும் கதையை வரலாறாகக் கொள்ளுதல் வேறு. முன்னதில் தவறுபவர் சான்றை இழக்கிறார். பின்னதில் தவறுபவர் சான்றைத் திரிக்கிறார்.

முடிபும் அதன் எல்லையும்

அளவைக் குழுவின் முடிபு ஜெபல் மூசாவின் பக்கம் சாய்ந்தது. அவர்தம் வாதம் நிலவமைப்பைச் சார்ந்தது. மலையின்முன் பெருங்கூட்டம் நிற்கத்தக்க வெளி வேண்டும். அவ்வெளியினின்று மலைமுடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலையின் அடி தொடுமளவிற்குச் செங்குத்தாக எழ வேண்டும். நீரும் மேய்ச்சலும் வேண்டும். ஒரு மைலுக்கு மேல் நீண்ட அர்ராஹா வெளியும், அதன் முனையில் சுவர்போல எழும் ராஸ் சஃப்சாஃபாவும் இவ்விலக்கணங்களுக்குப் பொருந்தின. செர்பாலின் அடியிலுள்ள வாதி அலெயாத்து பாறை நிறைந்த கரடுமுரடான பள்ளம். ஆங்கு அத்தகைய வெளி இல்லை.

இவ்வாதத்தின் வலிமையும் எல்லையும் ஒருங்கே உணரற்பாலன. செர்பாலின் முன் சமவெளி இல்லை என்பது அளவு கண்ட உண்மை. அதனை எவரும் மறுத்தற்கில்லை. யாத்திராகமம் விவரிக்கும் நிகழ்ச்சி இவ்விரு மலைகளுள் ஒன்றில்தான் நடந்தது என்பதோ அளவு கண்டதன்று. அளக்குமுன் கொண்ட கருத்து. இரண்டனுள் பொருத்தமானது எது என்பதைக் கருவி காட்டும். அவ்விரண்டும் அல்லாத மூன்றாவது மலை உண்டா என்பதைக் காட்டாது. பின்வந்த அறிஞர் சிலர் வடசீனாயிலும், நெகேவுப் பாலையின் ஹார் கர்க்கோம் மலையிலும், அரபு நாட்டின் வடமேற்கிலும் அம்மலையைத் தேடினர். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அறிஞரிடையே வழக்குத் தீரவில்லை. எதற்காக அளவை எழுந்ததோ அதற்கு உரிய விடை இறுதி விடையாகவில்லை. அவ்வினாவிற்குத் துணையாகச் செய்யப்பட்ட அளவும் பெயர்த்திரட்டும் நிலைத்தன. பின்வந்த ஆய்வாளர் எக்கொள்கையினராயினும், குழு திரட்டிய பெயர்வழக்கைத் துணைகொண்டே தம் வாதத்தைத் தொடங்க வேண்டியவராயினர்.

பின் விளைவு

அளவை முடிந்தபின் அறிஞர் பாமர், 1869-70 இல் டிர்விட்டு டிரேக்கு என்ற நண்பருடன் மீண்டும் சென்று, தீஹ் மேட்டு நிலத்தையும் நெகேவையும் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்தார். 1871 இல் இவ்விரு பயணங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வாண்டே கேம்பிரிட்சில் அரபுப் பேராசிரியரானார். மேற்குப் பாலத்தீன அளவையில் கொண்டரும் கிச்சனரும் திரட்டிய ஆயிரக்கணக்கான அரபுப் பெயர்களை எழுத்துப்பெயர்த்துப் பொருள்கூறி அவர் அமைத்த பட்டியல் 1881 இல் வெளிவந்தது. பெதுவினர் அவரை அப்துல்லா என்று அழைத்தனர்.

அடுத்த ஆண்டு, எகிப்தில் அராபி பாஷாவின் கிளர்ச்சி எழுந்தது. சூயஸ் கால்வாயைக் காக்க விரும்பிய பிரித்தானிய அரசு, பெதுவினரைத் தன் பக்கம் ஈர்க்கவும் ஒட்டகங்களை விலைக்குப் பெறவும் அறிஞர் பாமரை மறைவாக அனுப்பியது. காசாவிலிருந்து பாலை வழியே தனித்துச் சென்று அவர் சூயஸ் அடைந்தார். பின்னர் 1882 ஆகஸ்டில் காப்டன் கில், லெப்டினண்டு சாரிங்டன் ஆகியோருடன், 3,000 பவுன் பொன்னோடு மீண்டும் பாலைக்குள் புகுந்தார். தந்திக் கம்பியை அறுத்தல் கில்லுக்கு இடப்பட்ட பணி. வாதி சுதிரில் மூவரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். சார்லஸ் வாரன் நடத்திய தேடலில் அவர்களுடைய உடல் எச்சங்கள் கிடைத்தன; அவை இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட பெதுவினர் சிலர் 1883 இல் தூக்கிலிடப்பட்டனர்.

இம்முடிவை ஒரு தனி மனிதரின் அவலமாக மட்டும் கருதுதல் போதாது. எந்த அறிவும் நட்பும் இடப்பெயர்களைப் பெற உதவினவோ, அவையே பதின்மூன்றாண்டுகளில் ஒரு படையின் கருவியாயின. பெயர் கேட்டு வந்த அப்துல்லாவும் பொன் கொண்டு வந்த அப்துல்லாவும் பெதுவினர்க்கு ஒருவரே. இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. 1914 இன் தொடக்கத்தில் உல்லியும் லாரன்சும் நெகேவிலும் வடசீனாயிலும் தொல்பொருள் ஆய்வு நிகழ்த்தினர். அவ்வாய்வு, காப்டன் நியூகம்பு தலைமையில் நடந்த படைத்துறை நில அளவைக்குத் திரையாக அமைந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே முதல் உலகப்போர் மூண்டது. விவிலிய நிலத்தை அறியும் ஆர்வமும் பேரரசின் தேவையும் ஒரே ஒட்டகத்தின் இருபுறச் சுமைகளாகச் சென்ற காலம் அது.

எனினும் படை கொண்ட பயனைக் காட்டிப் பெயர்த்திரட்டின் மதிப்பைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. அவ்வாறே, திரட்டின் மதிப்பைக் காட்டி அதன் கடனை மறைத்தலும் நேர்மையாகாது. சீனாய்ப் படத்தின் தாள்களில் அளந்தவர் பெயர்கள் உள. இது அலரி மரத்து முனை, இது காற்றுக் கணவாய் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிய மேய்ப்பரின் பெயர்கள் இல. வாதி முகத்தப்பின் வழிப்போக்கனாவது தன் பெயரைத் தானே பாறையில் வெட்டிச் சென்றான்.

இடப்பெயர்களைத் திரட்டும் மாணவர் இவ்வரலாற்றினின்று மூன்று செய்திகளைக் கொள்ளலாம். வினாவில் விடையை வைத்துக் கேட்டல் கூடாது. கேட்ட ஒலியைக் கேட்ட மொழியின் எழுத்திலேயே முதலில் எழுதுதல் வேண்டும். சொன்னவர் யார், எந்நாளில், எவ்விடத்தில் சொன்னார் என்பதையும் பெயரோடு சேர்த்தே பதிதல் வேண்டும். முதலிரண்டும் ஆய்வின் தூய்மைக்கு உரியன. மூன்றாவது, ஆய்வாளன் அந்நிலத்து மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடன். ஜெபல் மூசாவின் உயரத்தை இனி எத்தனை முறை வேண்டுமாயினும் அளந்து திருத்தலாம். மலை அங்கேயே நிற்கும். பெயரைச் சொல்லுவார் ஒருமுறை மறைவாராயின், அதனை மீண்டும் கேட்டறிதற்கு இடமில்லை.